நோய் வருமுன் காப்பீடு: வடசென்னைக் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

"எங்க வீட்டுல யாருக்கும் பெரிய நோய் எதுவும் இல்ல. இப்போ எதுக்கு அந்த கார்டு? தேவைப்படும்போது எடுத்துக்கலாம்."

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று எங்கே போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த 'தேவைப்படும்போது' என்ற நேரம் எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவை நெஞ்சுவலியோடு ஆட்டோவில் ஏற்றியிருப்போம். மருத்துவமனை கவுன்ட்டரில் "காப்பீட்டு அட்டை இருக்கா?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் வருமானச் சான்றிதழுக்கு யார் அலைவது? குடும்ப அட்டையில் விட்டுப்போன பெயரை யார் சேர்ப்பது? கடைசியில் நகை அடகுக்கடைக்குப் போகும், இல்லையென்றால் வட்டிக்குக் கடன் வரும்.

தமிழ்நாடு அரசு பிரீமியம் கட்டும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அதைப் பெறுவதற்கு மூன்று முடிச்சுகளை முன்கூட்டியே அவிழ்த்து வைக்க வேண்டும்: பெயர், வருமானம், பட்டியல். அவற்றை எப்படி அவிழ்ப்பது என்பதே இந்தப் பாடம். பக்கத்தில் உங்கள் குடும்ப அட்டையையும் போனையும் வைத்துக்கொண்டு படித்தால், படிக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் புரிந்துகொள்வோம்: பிரீமியம் யார் கட்டுவது?

எந்தக் காப்பீட்டுக்கும் பிரீமியம் உண்டு. தனியாக பாலிசி எடுத்தால் அதை நாம் கட்டுவோம். இந்தத் திட்டத்தில் உங்கள் குடும்பத்துக்கான பிரீமியத்தை அரசே கட்டுகிறது. 2022 ஜனவரி 11 அன்று தொடங்கிய ஐந்தாண்டுக் கட்டத்துக்கு யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு அரசு ஒப்பந்தம் செய்தது. அதன்படி ஒரு குடும்பத்துக்கு ஆண்டு பிரீமியம் 849 ரூபாய். இதில் உங்கள் பங்கு ஒரு ரூபாய்கூட இல்லை. "கார்டு போட 500 ரூபா ஆகும்" என்று யாராவது கேட்டால், அந்தக் காசு அரசுக்குப் போவதில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

திட்டம் ஒரே நாளில் இந்த அளவுக்கு வளர்ந்துவிடவில்லை.

2009 ஜூலை: கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 1 லட்சம் ரூபாய்.

2012 ஜனவரி 11: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஆண்டுக்கு 1 லட்சம், குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு 1.5 லட்சம். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

2018: மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு செப்டம்பரில் இணைந்தது. அந்த ஆண்டு இறுதியில் காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 5 லட்சமாக உயர்ந்தது.

2022 ஜனவரி: வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்ந்தது.

கடைசி வரியைக் கவனியுங்கள். 2022க்கு முன்பு விசாரித்து, "உங்க வருமானம் ஜாஸ்தி, கிடைக்காது" என்று திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் மறுபடியும் கேட்க வேண்டும். அன்று கிடைத்த பதில் இன்றும் பொருந்தும் என்று இருந்துவிடக் கூடாது.

இன்னொன்று: 5 லட்சம் என்பது ஆளுக்கு 5 லட்சம் கிடையாது. குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஓர் ஆண்டுக்கு 5 லட்சம். அம்மாவின் இதய சிகிச்சைக்கு 1,80,000 ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அதே ஆண்டில் மற்றவர்களுக்கும் அம்மாவுக்குமாக மீதி 3,20,000 ரூபாய் இருக்கும். அடுத்த காப்பீட்டு ஆண்டில் மறுபடியும் 5 லட்சத்திலிருந்து கணக்கு தொடங்கும்.

முடிச்சு 1: பெயர்

திட்டத்துக்கு 'குடும்பம்' என்றால் யார்? விண்ணப்பிப்பவர், அவருடைய சட்டப்படியான கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர். பிள்ளைகளுக்கு ஓர் எல்லை உண்டு. வேலைக்குப் போவது, திருமணம், 25 வயது நிறைவு ஆகிய மூன்றில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம்.

இவர்கள் எல்லோருடைய பெயரும் குடும்ப அட்டையில் இருக்க வேண்டும். காப்பீட்டுக்கு அடித்தளமே ரேஷன் கார்டுதான். அதனால் இப்போதே உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் அவருடைய அம்மா வீட்டு அட்டையிலேயே இருக்கிறதா? முதலில் அங்கே நீக்கி, பிறகு இங்கே சேர்க்க வேண்டும்.

பிறந்து ஒரு வருடம், இரண்டு வருடம் ஆன குழந்தையின் பெயர் சேர்த்தாயிற்றா? "ஸ்கூல் சேர்க்கும்போது பாத்துக்கலாம்" என்று பல வீடுகளில் தள்ளிப்போடுவார்கள். குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொன்னால் அன்று முதல் தேடுவது இந்தப் பெயரைத்தான்.

ஊரிலிருந்து உங்களோடு வந்து தங்கிவிட்ட அம்மா, அப்பாவின் பெயர் ஊர் அட்டையில் இருக்கிறதா, உங்கள் அட்டையில் இருக்கிறதா?

ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? ஒன்றில் இனிஷியல் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருப்பது, பிறந்த தேதி மாறியிருப்பது போன்றவை சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆதாரை வைத்துச் சரிபார்க்கும்போது அதுவே தடையாக நிற்கும்.

பெயர் சேர்த்தல், நீக்கல், திருத்தம் எல்லாவற்றுக்கும் உணவுப்பொருள் வழங்கல் துறையின் பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் போனிலிருந்தே விண்ணப்பிக்கலாம். முடியாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். இந்த வேலைக்குச் சில வாரங்கள்கூட ஆகலாம் என்பதால், மூன்று முடிச்சில் இதையே முதலில் அவிழ்க்க வேண்டும்.

முடிச்சு 2: வருமானம்

வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், அதாவது சராசரியாக மாதம் 10,000 ரூபாய். இது தனி ஆளின் வருமானம் இல்லை, குடும்ப வருமானம். கணவர் சம்பாதிப்பது, மனைவி சம்பாதிப்பது எல்லாம் சேர்ந்தது.

இங்கே நம் பகுதி மக்கள் செய்யும் கணக்கு ஒன்று இருக்கிறது. "எனக்கு மாசம் 12,000 வருது, அப்போ நமக்குக் கிடைக்காது" என்று தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். மாதக் கணக்கு வேறு, ஆண்டுக் கணக்கு வேறு.

ஓர் எடுத்துக்காட்டு. காசிமேட்டில் விசைப்படகில் வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் படகு கரையில்தான் நிற்கும். புயல் எச்சரிக்கை, கடல் சீற்றம் உள்ள இரண்டு மாதங்களில் பாதி வருமானம்தான்.

நல்ல மாதங்கள்: 8 × 12,000 = 96,000
பாதி வருமான மாதங்கள்: 2 × 6,000 = 12,000
தடைக்கால மாதங்கள்: 2 × 0 = 0
மொத்தம்: 1,08,000 ரூபாய்

வீட்டில் வேறு வருமானம் இல்லையென்றால் இந்தக் குடும்பம் வரம்புக்குள் வருகிறது. அதே வீட்டில் மனைவி மீன் விற்று மாதம் 3,000 ரூபாய் சம்பாதித்தால் 36,000 சேர்ந்து 1,44,000 ஆகிவிடும். அப்போது வரம்பைத் தாண்டிவிடும். உள்ளதை உள்ளபடி கணக்குப் போடுங்கள். தகுதி இருந்தும் விட்டுவிட வேண்டாம், இல்லாத தகுதிக்காகப் பொய்யான விவரமும் கொடுக்க வேண்டாம்.

கணக்கு சரியாக இருந்தால் அடுத்தது வருமானச் சான்றிதழ். இதைக் கொடுப்பது வருவாய்த் துறை. இ-சேவை இணையதளத்தில் உங்கள் போன் எண்ணோடு கணக்குத் தொடங்கி நீங்களே விண்ணப்பிக்கலாம், அல்லது இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முதல் முறை விண்ணப்பிப்பவர்களுக்கு 'கேன்' எனப்படும் குடிமக்கள் கணக்கு எண் ஒன்று உருவாகும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தடுத்த சான்றிதழ்களுக்கும் அதே எண்தான். புகைப்படம், ஆதார், குடும்ப அட்டை, சம்பளச் சீட்டு இருந்தால் அதுவும், இல்லாவிட்டால் வருமானம் பற்றிய சுய உறுதிமொழி என்று தயாராக வையுங்கள். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று குறுஞ்செய்தி வரும். சான்றிதழ் தயாரானதும் பதிவிறக்கம் செய்து அச்செடுத்துக்கொள்ளலாம்.

வருமான வரம்பு பார்க்காமலும் சிலருக்கு இந்தத் திட்டம் உண்டு. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்கள் அப்படிப்பட்டவர்கள். மணலி, எண்ணூர் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் வழி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வசித்து, தொழிலாளர் துறையின் சான்று பெற்றால் அவர்களும் சேரலாம். சொந்த மாநிலத்திலேயே ஆயுஷ்மான் பாரத் அட்டை வைத்திருப்பவர்கள், அதைத் திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் மற்ற மாநிலங்களிலும் பயன்படுத்தலாம். பக்கத்து அறையில் இருக்கும் பீகார் தம்பிக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

பதிவு எங்கே? இங்கே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது

பெயரும் வருமானச் சான்றிதழும் தயார் என்றால் பதிவுக்குப் போகலாம். ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் இந்தத் திட்டத்துக்கான பதிவு மையம் இருக்கிறது. கேள்வி என்னவென்றால், எந்த மாவட்டம்?

திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் பகுதிகள் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. ஆனாலும் மாவட்டக் கணக்கில் அதன் பிறகும் சில ஆண்டுகள் திருவள்ளூரில்தான் இருந்தன. 2018இல் சென்னை மாவட்டத்தின் எல்லை விரிந்தபோதுதான் திருவொற்றியூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. பழைய ஞாபகத்தில் "நம்ம வேலைக்கு திருவள்ளூர்தான் போகணும்" என்று கிளம்பிவிட வேண்டாம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர்க் குப்பங்களில் இருப்பவர்களுக்குச் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம். ராஜாஜி சாலையில் உள்ள சிங்காரவேலர் மாளிகை அது. கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

கொசஸ்தலை ஆற்றுக்கு அப்பால் அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் இருப்பவர்கள் பொன்னேரி வட்டம், திருவள்ளூர் மாவட்டம். அவர்களுக்குத் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகம்.

எடுத்துப் போக வேண்டியவை: குடும்ப அட்டை, குடும்பத்தினர் அனைவரின் ஆதார், வருமானச் சான்றிதழ், ஆதாரோடு இணைத்த போன். எல்லாவற்றுக்கும் அசலும் ஒரு நகலும் வைத்துக்கொள்ளுங்கள். பகுதியில் நடக்கும் அரசு முகாம்களிலும் பதிவு நடப்பதுண்டு. வார்டில் முகாம் அறிவித்தால் இதே கோப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஏற்கெனவே பதிவு இருக்கிறதா என்று தெரியாதவர்கள், வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். திட்டத்தின் இணையதளமான 'சிஎம்சிஎச்ஐஎஸ்டிஎன் டாட் காம்' பக்கத்தில் குடும்ப அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடினால் பதிவு எண் கிடைக்கும். மின்னட்டையையும் அங்கிருந்தே எடுக்கலாம். பழைய அட்டை தொலைந்துபோனதால் திட்டமே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், அந்தப் பதிவு எண்தான் முக்கியம். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் அடிப்படையில் ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் இடம்பெற்ற குடும்பங்களும் உண்டு. உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்பதை ஆயுஷ்மான் செயலியிலோ 14555 என்ற எண்ணிலோ பாருங்கள்.

முடிச்சு 3: பட்டியல்

அட்டை கைக்கு வந்தாயிற்று. ஆனாலும் "கார்டு இருக்குல்ல, அப்புறம் ஏன் காசு கேக்குறாங்க?" என்று சிலர் கேட்கும் நிலை வருகிறது. காரணம், திட்டத்துக்கு இரண்டு பட்டியல்கள் உண்டு.

ஒன்று, மருத்துவமனைப் பட்டியல். அரசு மருத்துவமனைகளும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் மட்டுமே. தனியார் மருத்துவமனை பெரியதாக இருப்பதாலோ வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதாலோ அது பட்டியலில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பட்டியலில் இருந்தாலும் எல்லாத் துறைக்கும் அனுமதி இருக்காது. ஒரு மருத்துவமனைக்கு இதய சிகிச்சைக்கு அனுமதி இருக்கும், எலும்பு சிகிச்சைக்கு இருக்காது.

இரண்டு, சிகிச்சைப் பட்டியல். பைபாஸ், ஆஞ்சியோபிளாஸ்டி, புற்றுநோய்க்கான கீமோ, சிறுநீரக டயாலிசிஸ், மூட்டு மாற்று போன்ற பெரிய சிகிச்சைகள் உண்டு. குறிப்பிட்ட பரிசோதனைகளும் உண்டு. சளி, காய்ச்சலுக்கு கிளினிக்கில் கொடுக்கும் கட்டணத்தையோ, மாதாமாதம் மெடிக்கலில் வாங்கும் சுகர் மாத்திரைச் செலவையோ இது தராது. அதற்கு அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். கல்லீரல் மாற்று போன்ற, 5 லட்சத்தைத் தாண்டும் சில அரிய சிகிச்சைகளுக்கு அரசு தனியாகத் தொகுப்பு நிதி வைத்திருக்கிறது.

நம் பகுதிக்கு ஒரு பெரிய வசதி, ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அங்கே கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை நடக்கிறது. பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை இருக்கிறது. "கவர்மென்ட் ஆஸ்பத்திரியில எல்லாம் ஃப்ரீதானே, அங்கே எதுக்கு கார்டு?" என்று கேட்கலாம். சிகிச்சை இலவசம்தான். ஆனாலும் உங்கள் அட்டையின் மூலம் காப்பீட்டு நிறுவனம் அந்த அரசு மருத்துவமனைக்குப் பணம் தரும். அந்தப் பணம் கருவிகளுக்கும் உள்வைப்புப் பொருட்களுக்கும் மருத்துவமனையின் தேவைகளுக்கும் போகிறது. அதனால் அரசு மருத்துவமனையிலும் அட்டையைக் காட்டுங்கள்.

மருத்துவமனையில் என்ன செய்வது?

1. சேர்வதற்கு முன் 1800 425 3993ஐ அழைத்து, இந்த மருத்துவமனையில் இந்த சிகிச்சைக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

2. போனதும் காப்பீட்டுத் திட்டப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் அதற்கென ஆள் இருப்பார். அட்டை, ஆதார், குடும்ப அட்டை மூன்றையும் அங்கே காட்டுங்கள்.

3. மருத்துவமனை முன் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும். அனுமதி வந்த பிறகுதான் திட்டமிட்ட அறுவை சிகிச்சை நடக்கும். உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் தொலைபேசி வழியே ஒப்புதல் வாங்கிச் சிகிச்சையைத் தொடங்க முடியும். அதனால் அவசரம் என்றால் அட்டைக்காக வீட்டுக்குத் திரும்பாதீர்கள். நோயாளியைச் சேர்த்துவிட்டு, அட்டையை வேறு யாரையாவது எடுத்துவரச் சொல்லுங்கள்.

4. அனுமதி எவ்வளவு தொகைக்கு, எந்தச் சிகிச்சைக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. அனுமதி வந்த சிகிச்சைக்குத் தனியாகக் காசு கேட்டால், "எதுக்குன்னு எழுதிக் குடுங்க, பில் குடுங்க" என்று அமைதியாகக் கேளுங்கள். பிறகு கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யுங்கள். முதல்வரின் உதவி மையம் 1100 எண்ணிலும் புகார் பதியலாம். புகார் எண்ணை வாங்க மறக்காதீர்கள்.

வரம்பைத் தாண்டிவிட்டால்?

மாதம் 15,000, 18,000 சம்பாதிக்கும் குடும்பங்கள் இந்தத் தொழிற்பகுதியில் நிறையவே உண்டு. அவர்களுக்கும் வழிகள் இருக்கின்றன.

இ.எஸ்.ஐ.: 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தொழிற்சாலையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குத் தொழிலாளர் அரசு காப்பீடு உண்டு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் உண்டு. சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். சம்பளம் 14,000 என்றால் உங்களிடம் பிடிப்பது 105 ரூபாய், முதலாளி சேர்ப்பது 455 ரூபாய். இதில் குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு, அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை, ஆண்டுக்கு 91 நாட்களுக்குக் கிடைக்கும். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தும் உங்கள் கையில் காப்பீட்டு எண் இல்லையென்றால் இந்த வாரமே கேளுங்கள். காண்ட்ராக்டர் கட்டவில்லையென்றால் முதன்மை நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு.

70 வயது நிறைந்தவர்கள்: 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு, 70 வயது நிறைந்த அனைவருக்கும் வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீட்டை ஆயுஷ்மான் திட்டத்தில் அறிமுகம் செய்தது. ஆதார்தான் ஆவணம். வீட்டில் பெரியவர் இருந்தால் 14555இல் விசாரியுங்கள், ஆட்சியர் அலுவலகப் பதிவு மையத்திலும் கேளுங்கள்.

சொந்தமாக பாலிசி: இரண்டிலும் வராதவர்கள் 'ஆரோக்கிய சஞ்ஜீவனி' என்ற பொதுவான பாலிசியைப் பற்றிக் கேட்கலாம். 2020 ஏப்ரல் முதல் உள்ள இதன் விதிகள் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றுதான், பிரீமியம் மட்டும் மாறும். பில்லில் 5 சதவீதம் நாம் கட்ட வேண்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். சுகர், பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பின்னால் பணம் கேட்கும்போது மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கிறார்களே, அது போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அது பிரதமரின் விபத்துக் காப்பீடு. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 2 லட்சம் வரை தரும். அதுவும் இருக்கட்டும், ஆனால் மருத்துவமனை பில்லை அது கட்டாது.

சாலை விபத்துக்கு அட்டை தேவையில்லை

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய யாருக்கும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. 108ஐ அழையுங்கள்.

போனில் கவனம்

"உங்களுக்கு 5 லட்சம் கார்டு ரெடி, லிங்க்கை அழுத்துங்க" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அழுத்தாதீர்கள். செயலி என்று சொல்லி அனுப்பும் கோப்புகளை நிறுவாதீர்கள். பிளே ஸ்டோரில் தேடி, வெளியிட்டது யார் என்று பார்த்து எடுங்கள். பதிவு மையத்தில் நேரில் இருக்கும்போது வரும் ஓ.டி.பி.யைத் தவிர, போனில் கேட்கும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

நீங்களே சரிபாருங்கள்

கேள்வி 1: மகனுக்கு 23 வயது, திருமணமாகவில்லை, போன மாதம் வேலைக்குச் சேர்ந்தான். அப்பாவின் காப்பீட்டில் இருக்க முடியுமா?
விடை: முடியாது. வேலை முதலில் வந்துவிட்டது. வேலை செய்யும் இடத்தில் இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்க வேண்டும்.

கேள்வி 2: இந்த ஆண்டு அப்பாவுக்கு 2 லட்சம், மகளுக்கு 1 லட்சம் செலவானது. இன்னும் எவ்வளவு இருக்கிறது?
விடை: குடும்பம் முழுவதற்கும் 2 லட்சம்.

கேள்வி 3: அத்திப்பட்டில் இருப்பவர் எந்த ஆட்சியர் அலுவலகம் போக வேண்டும்?
விடை: திருவள்ளூர்.

கேள்வி 4: 2020இல் ஆண்டு வருமானம் 90,000 ரூபாய் என்பதால் மறுக்கப்பட்ட குடும்பத்தின் வருமானம் இன்று 1,10,000 ரூபாய். மறுபடியும் கேட்கலாமா?
விடை: கட்டாயம் கேட்க வேண்டும். இப்போதைய வரம்பு 1,20,000.

இந்த வார வேலை

திங்கள்கிழமை குடும்ப அட்டையில் பெயர்களைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை இணையதளத்தில் பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். பதிவு இல்லையென்றால் புதன்கிழமை வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். சான்றிதழ் வந்ததும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி ஆட்சியர் அலுவலகம் போய்வாருங்கள். அட்டை வந்த பிறகு அதைப் போட்டோ எடுத்து, வீட்டில் உள்ள எல்லோருடைய போனிலும் வையுங்கள். பதிவு எண்ணையும் 1800 425 3993 என்ற எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் யார் வீட்டில் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகூட அந்தத் தாளைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்ல முடியும்.